கையெழுத்துக்கு விட்ட இடம்

2003 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். 5.40க்குப் பால் பாக்கெட். 6.00 மணிக்குத் தம்பியின் வயிற்றை அளந்தேன். தொப்புளுக்கு நேராக நாடாவைச் சுற்றி, மூச்சை விடச் சொல்லி, 96.5 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டேன். முந்தின நாள் 96. காய்ச்சல் 99.2. எடை பார்க்கவில்லை, எடை மிஷினில் ஏறி நிற்க அவனால் முடியவில்லை. 6.20க்கு உப்பில்லாத இட்லி இரண்டு வைத்தேன்; ஒன்றரை சாப்பிட்டான். 7.00 மணிக்கு நான் குளித்தேன். அன்றைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டிருந்தேன். தம்பியின் முதுகில் பச்சை குத்த ஒருவர் 10.30க்கு வருவதாக இருந்தது. அதை எழுதியிருந்தால் கண்காணிப்பாளர் என்னை உட்காரவைத்துப் பேசியிருப்பார்.

நேரங்களையும் அளவுகளையும் அந்த வருஷத்து நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பி எழுதவில்லை. நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். வயலில் அளந்து வந்தவர்கள் கொடுக்கும் எண்களைக் கொண்டு நிலத்தின் படத்தை வரைவது, பழைய படங்களை டிரேஸிங் பேப்பரில் நகல் எடுப்பது, இவைதான் என் வேலை. ஒவ்வொரு படத்திலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு, பொறுப்பானவர் அதில் கையெழுத்துப் போடுவார். அதுவரை அது காலியாகத்தான் இருக்கும். அன்றைக்கு நடந்ததற்கு இந்தக் கட்டமும் ஒரு காரணம் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். பேரையூர்ப் பக்கம் எங்கள் மானாவாரி நிலம் எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூடச் சோறு போடாது என்று தெரிந்து, நான் அரசாங்க வேலைக்குப் போனேன், அவன் சரக்குக் கப்பலுக்குப் போனான். எந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. 1996 ஏப்ரலில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், அந்த வெயிலிலும் சட்டையைக் கழற்றவில்லை. மூன்றாம் நாள் பம்ப்செட்டில் குளிக்கும்போது அம்மா பார்த்துவிட்டார். முதுகு முழுக்கக் கறுப்புக் கோடுகள். தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஒரு பெரிய மீன், அதைச் சுற்றி நீர்.

“அடப் பாவி, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி போட்டுக்கிட்டு வந்துருக்கானே!” என்று அம்மா அழுதார்.

“சூடு இல்லத்தா, கெண்ட மீனு,” என்றான் இவன், தலையில் சோப்பு நுரையோடு. “இன்னும் பாதி வேல பாக்கி இருக்கு. முடிஞ்சதும் பாரு.”

“முடிஞ்சதும் பாக்குறதா? எவளாவது கழுத்த நீட்டுவாளாடா ஒனக்கு?”

அம்மா சொன்னது பலித்தது. இரண்டு இடங்களில் பேச்சு வந்து, முதுகு விஷயம் தெரிந்ததும் நின்றது. அம்மா 1999இல் இறந்தார்.

அவன் போன கப்பல் வருஷத்துக்கு நான்கைந்து முறை ஜப்பானில் ஒரு துறைமுகத்துக்குப் போகும். அங்கே ஒரு சந்தில், மாடி அறையில், ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் மிஷின் கிடையாது. மெல்லிய மரக்குச்சியின் நுனியில் ஊசிகளைச் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கட்டி வைத்திருப்பாராம். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் தள்ளித் தள்ளிக் குத்துவாராம். முதலில் உடம்பு முழுவதற்குமான கோடுகள். அது முடியவே ஒரு வருஷம். பிறகுதான் நிழல், பிறகு நிறம். குடித்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். குத்தும்போது பேச மாட்டார். முடிந்ததும் தேநீர் கொடுத்து, அரைகுறை இங்கிலீஷில் கதை சொல்வார்.

அந்தக் கதைகளைத் தம்பி எனக்குச் சொல்ல, நான் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பழைய காலத்தில் அந்த நாட்டில் வீடுகளெல்லாம் மரமும் காகிதமும். தீயணைக்கப் போகிற ஆட்கள் முதுகில் நீரில் வாழும் உயிர்களைக் குத்திக்கொள்வார்கள். நீர் முதுகில் இருந்தால் தீ அண்டாது என்று நம்பிக்கை. தம்பிக்குக் கப்பலில் ஒரே பயம் எந்திர அறையில் தீப்பிடிப்பதுதான். அதைச் சொன்னதும் பெரியவர் வேறு எதையும் காட்டாமல் கெண்டையைக் கொடுத்துவிட்டார். கெண்டை அருவியில் எதிர்த்து ஏறும். உச்சியில் ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தாண்டியது டிராகன் ஆகிவிடும். தாண்ட முடியாதது அப்படியே திரும்பிக் கீழே வந்துவிடும். அதனால் முதுகில் மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். கெண்டையைப் பிடித்துப் பலகையில் வைத்தால் கத்திக்குத் துள்ளாது, சும்மா கிடக்கும் என்றும் சொல்வார்களாம். ஊசிக்குப் படுப்பவனும் அப்படிக் கிடக்க வேண்டும். மீனோடு சிவந்த இலைகளைப் போட்டிருந்தார், அது இலையுதிர் காலம். தம்பி பூவும் வேண்டும் என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். ஒரு முதுகில் ஒரு பருவம்தான்.

வலது இடுப்புக்கு மேலே, அலைகளுக்கு நடுவில், நெட்டுக்குத்தாக ஒரு சின்னக் கட்டம் விட்டிருந்தார். ஆறு சென்டிமீட்டர் நீளம், இரண்டரை அகலம். அவருடைய கையெழுத்துக்கான இடம். முழு வேலையும் முடிந்த அன்றுதான் அதில் தன் பெயரைக் குத்துவார். பாதியில் நிறுத்தியவன் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படிப்பட்டவனை அங்கே மதிக்க மாட்டார்களாம்.

அவனால் தன் முதுகைப் பார்க்க முடியாது. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால் துண்டு துண்டாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு விடுமுறையிலும் நான் அவன் முதுகை டிரேஸிங் பேப்பரில் எடுத்துக் கொடுத்தேன். நிலத்தில் கல் நட்டு அளப்பது போல, கழுத்தெலும்பு முடிச்சு ஒன்று, இடுப்பின் இரண்டு குழிகள், இந்த மூன்றையும் நிலைப்புள்ளிகளாக வைத்துக்கொள்வேன். 2பி பென்சில், கடினமான பென்சில் தோலில் வலிக்கும். முடிந்ததும் தேதி போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன்.

“எம்புட்டு வளந்துருக்குண்ணே!” என்பான். வளர்ந்தது நிறம். மீனின் அளவு மாறவில்லை. 1996இலும் 1998இலும் 2000இலும் வயிற்றுப் பகுதியின் அகலம் 16.2 சென்டிமீட்டர்தான்.

2001இல் கப்பல் ஏறுவதற்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது, கல்லீரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கிருமி எப்படி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். பச்சை குத்திய ஊசியாக இருக்கலாம், எந்த ஊரிலாவது பல் பிடுங்கியதாக இருக்கலாம், சின்ன வயதில் போட்ட ஊசியாகக்கூட இருக்கலாம், இனிமேல் சொல்ல முடியாது என்றார். தம்பி மட்டும், “அவரு ஊசி இல்லண்ணே. என் கண்ணு முன்னாடி புதுசா கட்டுவாரு,” என்றான். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அவனாகவே நாலைந்து தடவை சொன்னான்.

அப்போது மீனும் இலைகளும் முடிந்திருந்தன. அருவியில் இடது பக்கம் நீலமும் கறுப்பும் ஏறியிருந்தன. வலது பக்கம் வெறும் கோடு. நான் அந்தப் பெரியவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரோ அவருக்காக எழுதியிருந்தார்கள், நான்கு வரி. நோயாளியின் உடம்பில் ஊசி படக்கூடாது. குணமாகட்டும். என் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். வரும்போது வா. தம்பி அதைத் தன் கப்பல் வேலைப் பதிவுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டான். அந்த மூன்றாவது வரியை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தான் என்று நான் குறித்து வைக்கவில்லை.

2003 ஜனவரியில் மீனின் வயிற்று அகலம் 14.9. ஜூனில் 13.8. முதுகுச் சதை கரைந்துகொண்டிருந்தது. இடுப்புப் பக்கம் மட்டும், முன்னால் கோத்த நீர் தோலை இழுத்ததால், அலைகள் அகலமாகிவிட்டன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை வடித்தார்கள். மறுபடி ஊறியது. ஜூன் கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இனி அலைய வேணாம். வீட்ல வச்சுப் பாத்துக்கங்க. ஆசைப்பட்டதக் குடுங்க,” என்றார்.

அவர் சாப்பாட்டைச் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஜனவரியில் ஒரு தடவை பச்சை குத்தும் ஊசியைப் பற்றிக் கேட்டபோது, ரத்தம் நிற்காது, கூடவே கூடாது என்றிருந்தார். ஜூனில் நான் திரும்பப் போய் அதைக் கேட்கவில்லை.

ஏனென்றால் அன்று மாலையே தம்பி கேட்டுவிட்டான். டாக்டர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

“கூத்தப் பாருண்ணே. தண்ணி பூராம் முன்பக்கம் வந்துருச்சு. பின்பக்கம் மீனு காஞ்சு கெடக்கு.”

நான் அவன் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தேன்.

“வலது பக்கம் தண்ணி மட்டும் யாராச்சும் போட்டு விட்டாப் போதும். மீனு தண்ணிக்குள்ள இருக்கட்டும். அம்புட்டுத்தான். கட்டத்தத் தொட வேணாம், அது அவரு எடம்.”

“அது எனக்குத் தெரியாதாடா?” என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, லாட்ஜ் படிக்கட்டின் அடியில், பச்சை குத்தும் பாட்டரி மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அலங்காநல்லூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். மாடுபிடிக்கிற இளவட்டங்களுக்குக் கையில் காளைத் தலை, தேள், அம்மா பெயர். மூன்று நாள் அலுவலகம் விட்டு வரும்போது நின்று அவர் கையைப் பார்த்தேன். கோடு நடுங்கவில்லை. நான்காம் நாள் பேசினேன். தம்பிக்கு இருப்பது ரத்தத்தில் ஒட்டுகிற வியாதி என்பதை முதலிலேயே சொன்னேன். கையுறை நான் வாங்கித் தருவேன், ஊசி புதிது, வேலை முடிந்ததும் ஊசியையும் மையையும் எரித்துவிட வேண்டும்.

அவர் மிஷினின் வயரைச் சுற்றி வைத்தார். “எத்தன நாளு சொல்லிருக்காக?”

“நாள் சொல்லல.”

“சரிண்ணே. வாரேன்,” என்றார்.

அவருக்காக ஒரு படம் தயார் செய்தேன். முதுகின் நகல், எந்தெந்த இடத்தில் நீலம், எங்கே கறுப்பு, எங்கே தோலை அப்படியே வெள்ளையாக விடவேண்டும் என்று எண் போட்டு, ஓரத்தில் விளக்கம். பதினாறு குறிப்புகள். மீனைத் தொடக்கூடாது என்பது குறிப்பு 1. இலைகளைத் தொடக்கூடாது, குறிப்பு 2. கட்டத்தைப் பற்றிக் குறிப்பு இல்லை. படத்தில் கட்டத்தைத் துல்லியமாக வரைந்திருந்தேன், உள்ளே காலியாக. வலது கீழ் மூலையில் காலியாக ஒரு கட்டம் இருந்தால் அது எதற்கு என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் நான் வரைந்த எந்தப் படத்திலும், இங்கே எதுவும் வரையாதீர்கள் என்று அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதியதில்லை.

10.40க்கு வந்தார். தம்பியால் குப்புறப் படுக்க முடியாது. இடது பக்கம் ஒருக்களித்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, முகம் சுவரைப் பார்த்து. சட்டையை நீக்கியதும் வந்தவர் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“ஆத்தாடி. கையாலயா குத்துனாரு இத? என்னா மாப்ள, இந்தக் கிழவன் இருந்தா எங்க பொழப்பெல்லாம் போச்சே!”

“அவரு இங்க வரமாட்டாரு, பயப்படாதீக,” என்றான் தம்பி சுவரைப் பார்த்தபடியே.

“மீசையப் பாரு. எங்க ஊர்ல காள புடிக்கிறவனுக்குக்கூட இம்புட்டு மீச கெடையாது. ஆமா, ஜோடி எங்க?”

“எதுக்கு ஜோடி?”

“மருதக்காரன் கேக்குற கேள்வியா மாப்ள இது? கெண்டைன்னா ரெண்டுல்ல. பாண்டியன் சின்னம்ல, எந்த வளைவ வேணாப் பாரு, எந்தத் தூண வேணாப் பாரு. ஒத்த மீனு ஆகாது.”

“அது மேல ஏறிட்டு இருக்கு. தனியாத்தான் ஏறும்,” என்றான் தம்பி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் குறிப்பு 1ஐயும் 2ஐயும் மறுபடி வாசித்துக் காட்டினேன்.

10.55க்கு மிஷின் ஓடத் தொடங்கியது. தம்பி துள்ளவில்லை. கால் பெருவிரல் மட்டும் மடங்கி மடங்கி விரிந்தது. நீரை நன்றாகத்தான் போட்டார். என் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, “இது ஏழுதானண்ணே?” என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். ஆனால் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. துடைத்த இடத்தில் மறுபடி முத்து முத்தாக வந்தது. 11.40க்கு ஒரு கட்டு பஞ்சு தீர்ந்தது. 12.05க்கு இரண்டாவதும் தீர்ந்தது. இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். அலை நுனி ரெண்டு, அப்புறம் முடிஞ்சது என்றார். நிறுத்திவிடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். வேண்டாம் என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். கண் சொக்கியிருந்தது.

12.10க்குப் பஞ்சு வாங்கப் போனேன். பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது 12.32.

மிஷின் நின்றிருந்தது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

“அண்ணே, தண்ணி முடிஞ்சது. வந்து பாருங்க. உங்க கிட்டச் சொல்லாம ஒண்ணு செஞ்சிருக்கேன்.”

கட்டத்துக்குள் ஒரு மீன். ஐந்தரை சென்டிமீட்டர். செதில், துடுப்பு, வட்டக் கண், கட்டத்தின் விளிம்புக்குள் பிசகாமல் அடக்கியிருந்தார். சுத்தமான வேலை.

“கட்டம் கட்டிக் காலியா விட்டுருந்துச்சு. பாவம், அந்த ஊருக் கிழவனுக்கு ஜோடி போடணும்னு தெரியல போல. ஒண்ணு அந்தப் பக்கம் பாத்தா இன்னொண்ணு இந்தப் பக்கம் பாக்கணும், அதான் மொற. இது நான் மாப்ளைக்குக் குடுக்குறது. சாமி புண்ணியத்துல எந்திரிச்சு ஒக்காந்துருவாரு பாருங்க.”

பெரிய மீன் அருவியில் மேலே பார்த்தது. சின்ன மீன் கீழே பார்த்தது.

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. எதற்குத் திட்டுவது? என் பதினாறு குறிப்புகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. வியாதியைச் சொல்லியும் வந்து, மண்டிபோட்டு ஒன்றரை மணி நேரம் குனிந்து செய்துவிட்டு, நல்லது செய்த மனுஷனாக என் முன்னால் நின்றார். “சரி,” என்றேன். ஊசியையும் மையையும் மொட்டைமாடியில் தகர டப்பாவில் போட்டு எரித்தோம். படியிறங்கும்போது, “அடுத்த வாரம் வந்து பாக்குறேன் மாப்ள,” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். தம்பி கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

நான் உள்ளே வந்ததும் கேட்டான். “எப்பிடிண்ணே இருக்கு?”

“நல்லா வந்திருக்கு. மீன் தண்ணிக்குள்ள இருக்கு.”

“கட்டம்?”

“காலியாத்தான் இருக்கு.”

இந்த வரியை அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன். கீழே கோடு போட்டிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அன்று எதுவும் எழுதவில்லை. அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு காலியிடம்தான். உலகத்தில் எங்கோ ஒரு மாடி அறையில் ஒருவர் தனக்காக ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறார் என்ற ஒன்று. அவன் போகப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் இடம் இருந்தது. அதை நான் பஞ்சு வாங்கப் போன இருபத்திரண்டு நிமிஷத்தில், இல்லை, ஒரு வாரம் முன்பு மேஜையில் உட்கார்ந்து பதினேழாவது குறிப்பை எழுதாதபோதே, அடைத்துவிட்டேன்.

மதியம் கஞ்சி இரண்டு கரண்டி. 3.15க்கு ரத்தம் நின்றது. 4.00 மணிக்கு, “படம் எடுண்ணே, பாக்கணும்,” என்றான்.

எடுத்தேன். புண்ணான தோலில் தாள் ஒட்டக்கூடாது என்று தேங்காயெண்ணெய் தடவி, மூன்று புள்ளிகளைக் குறித்து, புதிதாக ஏறிய நீரையெல்லாம் வரைந்தேன். மீனின் அகலம் 13.4. கட்டத்துக்கு வந்தபோது நான்கு விளிம்புகளை மட்டும் வரைந்தேன். உள்ளே தாளின் வழியாக அந்த வட்டக் கண் தெரிந்தது. அதன்மேல் பென்சிலை வைக்கவில்லை. அதுவரை நான் வரைந்த படங்களில் தப்பு இருந்திருக்கலாம். தெரிந்து பொய்யாக வரைந்தது அது ஒன்றுதான்.

ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான். முதலில் அருவியைப் பார்த்தான். பிறகு வலது கீழ் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லாருக்கு,” என்றான். கொஞ்சம் கழித்து, “அண்ணே, அந்த எடத்துலயும் எரியுதே.”

“எந்த எடம்?”

“கட்டம் இருக்குற எடம்.”

“அலை நுனி பக்கத்துலதான் முடியுது. அதான் எரியும்.”

“ம்.”

மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் 100.4. பால் வேண்டாம் என்றான். படத்தைத் தன் படுக்கையை ஒட்டிய சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், நான்கு குண்டூசி குத்தி மாட்டச் சொன்னான். மாட்டினேன். ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தைக் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. கையில் வைத்திருந்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன். அவன் எனக்கு முன்பே விழித்திருந்தான். சட்டையை எப்படியோ தானே கழற்றிவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்து, முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் படுத்திருந்தான். சுவரில் இருந்த படம் கழற்றப்பட்டு, நான்காக மடித்து, பக்கத்தில் என் பாயின் தலைமாட்டில் இருந்தது. குண்டூசிகள் நான்கும் அதன்மேல் வரிசையாக இருந்தன.

“திரும்ப எடுண்ணே,” என்றான். “இருக்குறத எடு.”

குழாயில் தண்ணீர் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. விளக்கைப் போட்டு, புதுத் தாளை விரித்து, மூன்று புள்ளிகளையும் குறித்தேன். பிறகு வலது கீழ் மூலையில், கீழே பார்க்கிற மீனின் வாலிலிருந்து ஆரம்பித்தேன்.